நீ வரும்போது போட வைத்த ரயர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

காருக்கு நான்கு ரயரும் மாற்றிவிட்டேன். அப்பா வாங்கி ஸ்ரோர் அறையில் வைத்திருந்தவற்றை நான் போடவில்லை. கடையில் வேறு நான்கு வாங்கிப் போட்டேன். போன ஞாயிறு நீ தொலைபேசியில், "அம்மா, அப்பா வேண்டி வச்ச புது ரயர் கிடக்குதானே, அதைப் பூட்டி ஆரும் கேக்கிற ஆளுக்குக் காரைக் குடுத்துப்போட்டு வெளிக்கிடுங்கோ" என்றாய். நான் "ஓம், பாப்பம்" என்றேன். எங்கள் வீட்டில் "பாப்பம்" என்றால் என்னவென்று உனக்குத் தெரியாதா? ஆனால் உன்னோடு தொலைபேசியில் கதைப்பது எனக்குச் சரிவருவதில்லை. நீ வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் கேட்பாய், நான் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பிள்ளைகள் படுத்த பிறகு ஆறுதலாக இருந்து வாசி.

நீ கேட்கிற கேள்வி ரயரைப் பற்றியதல்ல என்பதும் எனக்குத் தெரியும். அம்மா வருவாவா, மாட்டாவா? அதுதானே? எனக்கென்று ஒரு அறையை ஆயத்தப்படுத்தி வைத்திருக்கிறாய். வீடியோவில் காட்டினாய். யன்னலுக்குப் புதிய சீலை, சுவருக்குப் புதிய வர்ணம், கட்டிலில் பிளாஸ்ரிக் உறைகூடக் கழற்றாத மெத்தை. உன் பெரியவள் வாசலில் நின்றபடி, "அப்பம்மா, இது உங்கடை ரூம். நாங்கள் உள்ளுக்கை போகக்கூடாது எண்டு அப்பா சொன்னவர்" என்றாள். அதைக் கேட்டபோது என் மனதில் ஏதோ தட்டியது. என்னவென்று அப்போது விளங்கவில்லை. ரயர் மாற்றப் போன நிசாமின் கடையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தபோதுதான் விளங்கியது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா போன நாள் முதல் நான் அழவில்லை. செத்தவீட்டில் உன் பெரிய மாமி, "ரீச்சர் எல்லே, அதுதான் தைரியமாய் நிக்கிறா" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தா. தைரியமும் இல்லை, மண்ணும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, அப்படித்தான் இருந்தது. போதகர் வந்து ஜெபித்தால் கண்ணை மூடினேன், ஆமென் சொன்னதும் திறந்தேன். தேத்தண்ணி வைத்தேன், குடித்தேன், சீனி போட்டேனா என்று தெரியாது. கார் கராஜில் தூசி பிடித்தபடி நின்றது. வாரத்துக்கு ஒருமுறை ஸ்ரார்ட் செய்து, கொஞ்ச நேரம் உறுமவிட்டு நிறுத்துவேன். அப்பா செய்ததை நானும் செய்தேன், அவ்வளவுதான். நீ ஒவ்வொரு ஞாயிறும் "எப்பிடி அம்மா இருக்கிறீங்கள்?" என்று கேட்டாய். "இருக்கிறன்" என்றேன். பொய் சொல்லவில்லை. இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை, காற்றுப் போய் நின்ற முன் சில்லுக்குச் சூசையைக் கொண்டு ஒட்டுப் போடுவித்து, காரை வெளியே எடுத்தேன். அப்பாவின் நான்கு ரயர்களையும் சூசை தன்னுடைய ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தான். சூசையை உனக்குத் தெரியும், ஒழுங்கை முடிவில் இருக்கிறவன். இப்போதும் விடிய விடியக் கடலுக்குப் போய்வந்து, பிறகு ஓட்டோ ஓடுகிறான். ஐந்து சந்திப் பக்கம் நிசாமின் ரயர் கடை இருக்கிறது. நிசாம் சின்ன வயதில் தகப்பனோடு புத்தளத்துக்குப் போய் வளர்ந்தவர். திரும்பி வந்து தகப்பனின் கடை இருந்த இடத்திலேயே கடை போட்டிருக்கிறார். வாய் ஓயாத மனுசன். "வாங்கோ ரீச்சர், கார் இன்னும் உசிரோடைதான் இருக்கோ?" என்று கேட்டுவிட்டு, அப்பாவின் நினைப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. "கார் இருக்கு" என்றேன்.

நீ அனுப்பியிருந்த செய்தியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். எப்போதாவது மாற்றுவதானால் 'ஓல் சீசன்' ரயராகப் பார்த்து வாங்குங்கோ என்று முன்னொருக்கால் எழுதியிருந்தாயே, அதுதான். நிசாம் விழுந்து விழுந்து சிரித்தார். "மகன் இருக்கிற ஊரிலை பனிக்கு ஒண்டு, வெயிலுக்கு ஒண்டு எண்டு மாத்திறவை. எங்களுக்கு என்ன ரீச்சர், ரெண்டே ரெண்டு சீசன். வெயில், வெள்ளம். இஞ்சை விக்கிற ரயர் எல்லாம் ஓல் சீசன்தான்." சூசை விடவில்லை. "நிசாம் நானா, எலெக்சன் சீசனை விட்டிட்டீர். அப்பதானே ரோட்டுக்குத் தார் ஊத்துறவங்கள்" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் முகத்தால் சிரித்தேன். இதை உன்னைக் கேலி செய்ய எழுதவில்லை, தம்பி. உன்னுடைய அக்கறை உன்னுடைய ஊர்க் காலநிலையில் இருந்து வருகிறது. என்னுடைய ரோட்டு இங்கே கிடக்கிறது.

நிசாம் அப்பாவின் ரயர் ஒன்றை உருட்டிப் பார்த்தார். "புத்தம் புதுசு. ஒரு தேய்வும் இல்லை. பூட்டட்டோ?" என்றார். "பொறுங்கோ" என்று சொல்லிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். ரயரின் பக்கச் சுவரில் செய்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாக அச்சடித்திருக்கும். கடைசி இரண்டும் ஆண்டு. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், சாமான் வராது என்று பயந்து அப்பா வாங்கிய ரயர்கள் அவை. விற்றவர் அன்றைக்கே பழைய சரக்கைத்தான் தலையில் கட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு தகரக் கூரைக்குக் கீழே, வெக்கையில், மேலே அரிசி மூட்டை வேறு. பெருவிரலால் சுவரை அழுத்தினேன். மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன. இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பித்தவள் நான், றப்பர் ஓடாமலும் கிழடாகும் என்பதை எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நிசாம் தலையைச் சொறிந்தார். "அது எனக்கும் தெரியும் ரீச்சர். விக்கப்போறீங்கள் எண்டு சூசை சொன்னவன், அதுதான். விக்கிற கார் எண்டால் பூட்டலாம், பார்வைக்கு நல்லாய்த்தான் இருக்கும். நீங்கள் ஓடுற கார் எண்டால் பூட்டமாட்டன். எது, சொல்லுங்கோ?"

"வேண்டுறவனும் மனுசன்தானே?" என்று கேட்டேன். அவர் வெட்கப்பட்டுப்போனார். பாவம், வியாபாரி, அவர் கேட்டதில் பிழை இல்லை. ஆனால் அவருடைய மற்றக் கேள்வி அப்படியே கிடந்தது. விக்கிற காரா, ஓடுற காரா? "கொஞ்சம் இருந்திட்டுச் சொல்லுறன்" என்று கதிரையில் இருந்தேன். நிசாம் குடிக்கப் பிளேன்ரீ எடுப்பித்தார்.

அந்தக் கதிரையில் இருந்து நான் யோசித்தது உன் அப்பாவைத்தான். புதிய சாமானை எடுத்துப் பாவிக்க அவருக்குக் கை வராது. உனக்கு இது தெரியாததா? சவர்க்காரமும் பற்றரியும் தீப்பெட்டியும் கிடைக்காத வருடங்களை இந்த ஊரில் கழித்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. அப்பாவுக்குக் கொஞ்சமல்ல. நல்லதை எடுத்து வைப்பார், பழையதை இழுத்துப் பறித்து ஓட்டுவார். கேட்டால் ஒரே பதில்தான்: "இருக்கட்டும்." நீ அனுப்பிய சேட்டுகள் உறையோடு அலுமாரியில் இருந்தன. பெட்டிக்குள் வைத்த சவர்க்காரம் காய்ந்து வெடித்து, தேய்த்தால் நுரையே வராது. உன்னுடைய சைக்கிள் ஞாபகம் இருக்கிறதா? ரயர் கிழிந்து, உள்ளே பழைய ரயர்த் துண்டு வைத்துத் தைத்து, அதிலும் நீ கொழும்புத்துறையிலிருந்து பள்ளிக்கூடம் போய்வந்தாய். வீட்டுக் கூரை வளையில் ஒரு புதிய சைக்கிள் ரயர் கடதாசி சுற்றியபடி தொங்கியது. நீ கேட்டாய், அழுதும் பார்த்தாய். "சோதினைக்குப் போகேக்கை போடுவம், இருக்கட்டும்" என்றார். சோதனை வருமுன் இடம்பெயர்வு வந்தது. நாங்கள் அந்தத் தைத்த ரயரில் மூட்டையைக் கட்டி உருட்டிக்கொண்டு போனோம். திரும்பி வந்தபோது ரயரும் இல்லை, வளையும் இல்லை, கூரையும் இல்லை. அதற்குப் பிறகாவது மனுசன் திருந்தினாரா? இன்னும் கூடத்தான் எடுத்து வைத்தார்.

இந்த நான்கு ரயரும் உனக்காக வைத்தவை. "தம்பி பெஞ்சாதி பிள்ளையளோடை வரேக்கை புது ரயரிலை பலாலி எயார்ப்போட்டுக்குப் போய் ஏத்திக்கொண்டு வரவேணும். பிள்ளையளை ஏத்திக்கொண்டு மொட்டை ரயரிலை ஓடேலாது" என்பார். சித்திரைக்கு வருகிறேன் என்றாய், வேலை மாறியது. அடுத்த ஆடிக்கு என்றாய், பிள்ளைக்குக் கையில் முறிவு. நீ வேண்டுமென்று வராமல் இருந்தாய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, அவரும் நினைத்ததில்லை. ஒவ்வொரு முறையும் ரயரை மூடியிருந்த சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மூடிவிட்டு வருவார். காரில் இருந்த ரயர்கள் வழுக்கைத் தலைபோல ஆகிவிட்டன. "இஞ்சேருங்கோ, அந்தப் புதுசைப் போடுங்கோவன்" என்று சொன்னேன். "நீர் பேசாமல் இரும். நாங்கள் ரெண்டுபேரும் கோயிலுக்கும் சந்தைக்கும்தானே ஓடுறம், எங்களுக்கு இது காணும்."

செத்தவீட்டன்று நீ தொலைபேசியில் கேட்டாய்: "கார் நிண்டதுதானே அம்மா, ஏன் ஓட்டோவிலை கொண்டுபோனீங்கள்?" நான் கார் ஸ்ரார்ட் வரவில்லை என்றேன். அந்த நேரத்தில் உனக்கு அதற்கு மேல் தாங்காது என்று நினைத்தேன். இப்போது உள்ளதைச் சொல்கிறேன். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, நெஞ்சுக்குள் இறுக்கமாக இருக்கிறது, வாய்வாக்கும் என்றார். பிறகு வியர்த்தது. "ஆசுப்பத்திரிக்கு ஒருக்கால் போவம், நானே ஓடுறன்" என்று சொல்லிச் சேட்டு மாற்றினார். நான் கதவைப் பூட்டிக்கொண்டு வந்து பார்க்கிறேன், முன் இடது சில்லு நிலத்தோடு குந்திக்கொண்டு நிற்கிறது. பக்கச் சுவர் வெடித்து இரவோடு இரவாகக் காற்றுப் போயிருக்கிறது. நீ அப்பாவை அறிவாய்தானே? ஒருவரையும் கரைச்சல்படுத்தக் கூடாது. ஜக்கை எடுத்து வைத்துக் காரைத் தூக்கத் தொடங்கிவிட்டார். "விடுங்கோ, சூசையைக் கூப்பிடுறன்" என்று கத்தினேன். "ஒரு நிமிசம், நட்டு இளகிட்டுது" என்றார். நான் ஒழுங்கை முடிவுக்கு ஓடிப்போய்ச் சூசையோடு திரும்பி வந்தபோது, சில்லில் சாய்ந்தபடி நிலத்தில் இருந்தார். ஓட்டோவில் என் தோளில்தான் தலை. கச்சேரியடியைத் தாண்டும்வரை கதைத்தார். என்ன கதைத்தார் தெரியுமா? "ஜக்கைக் காருக்குக் கீழை விட்டிட்டு வந்திட்டம், களவு போகப்போகுது" என்றார்.

கார் ஓடியிருந்தால் பிழைத்திருப்பாரா? நான் டொக்டரிடம் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை. நீயும் கேட்காதே. உனக்காக வைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று நீ உன் தலையில் ஏற்றிக்கொள்வாய், உன்னை நான் அறிவேன். அப்படி ஏற்றினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நீ வைக்கச் சொல்லவில்லை. உனக்குத் தேவைப்பட்டது அப்பா, ரயரில்லை. அவர்தான் அதை விளங்கிக்கொள்ளவில்லை.

பிளேன்ரீ ஆறிப்போயிருந்தது. எழும்பிப் போய் நிசாமிடம், "ஓடுற கார்" என்றேன். "அப்ப சரி" என்று அவர் உற்சாகமாகிவிட்டார். ஜப்பான், இந்தியா, சீனா, எங்கள் நாட்டுச் சாமான் என்று ரயர்களை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். இந்த இடத்தில் அம்மா கொஞ்சம் படிப்பிக்கப் போகிறேன், பொறுத்துக்கொள். பெயரைப் பார்த்து வாங்காதே, செய்த திகதியைப் பார். அளவு கதவு நிலையில் ஒட்டியிருக்கும், அதைவிட அகலமாகப் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று கடைக்காரன் சொன்னால் சிரித்துவிட்டு விடு. பழைய கார் அது, தன்னுடைய அளவோடு ஓடட்டும். எங்களுடைய மாரிக்குத் தண்ணீரை வெளியே தள்ளுகிற ஆழமான பள்ளங்கள் வேண்டும். கார்த்திகையில் ரோட்டு எது, வாய்க்கால் எது என்று தெரியாது, நடுவில் மாடு வேறு படுத்திருக்கும். பிறேக் பிடித்தால் வழுக்காமல் நிற்க வேண்டும், என் வயதில் எனக்குத் தேவை அதுதான். முன்னுக்கு இரண்டு மட்டும் போட்டு மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று நிசாம் கேட்டுப் பார்த்தார். "பிறகு எண்டு இனி என்ரை வீட்டிலை ஒண்டும் இல்லை" என்று சொல்லி நான்கும் போடுவித்தேன். போன மாதம் செய்த இந்திய ரயர்கள். ஸ்பெயர் சில்லுக்கும் காற்றடிப்பித்தேன். அன்றைக்கு அதிலும் காற்று இருக்கவில்லை.

அப்பாவின் நான்கையும் சூசை கேட்டான். வள்ளங்கள் இறங்குதுறைச் சுவரில் இடிபடாமல் கட்டித் தொங்கவிடலாமாம். கொண்டுபோ என்றேன். மறுநாள் காலை, புதிய ரயரில் முதல் ஓட்டமாகத் துறைக்குத்தான் போனேன். கார் சத்தமே இல்லாமல் போயிற்று. அந்த ஸ்ரியறிங் அதிர்கிற நடுக்கம் காரின் நோய் என்று நாங்கள் இத்தனை காலம் நினைத்திருந்தோமே, அது ரயரின் நடுக்கம். துறையில் நான்கு ரயரும் கயிற்றில் தொங்கின. ஒரு வள்ளம் வந்து முட்டியது, ரயர் நெளிந்து கொடுத்தது, வள்ளம் நின்றது. முதல் நாளே வேலைக்குப் போய்விட்டன. எங்கிருந்து வந்ததோ தெரியாது, எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "இருக்கட்டும் இருக்கட்டும் எண்டு என்னத்தையப்பா வச்சிட்டுப் போனீங்கள்? உங்களை வச்சிட்டுப் போயிருக்கக் கூடாதோ?" என்று உரத்துக் கேட்டேன். கடற்கரை முழுக்க ஆட்கள். சூசை வலையில் ஏதோ சிக்கெடுப்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அப்போதுதான் அழுதேன், தம்பி. மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அழுது முடிய எனக்குப் பசித்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பசி. காரில் இரண்டு வாழைப்பழம் கிடந்தது, நீர்வேலிக் கதலி, இரண்டையும் சாப்பிட்டேன். இனித்தது. அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு விருப்பம்தான். இல்லை. வீட்டுக்கு வந்ததும் திரும்பவும் அதே விறைப்புத்தான். ஆனால் நடுவில் ஒருமுறை வலித்தது. வலித்தால் உயிர் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நான் நிரந்தரமாக வரவில்லை. காரையும் விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில், வெள்ளிக்கிழமை கல்லறை, இடையில் அளவெட்டியில் உன் சித்தி வீடு என்று எனக்கு ஓடுகிற ஓட்டம் இருக்கிறது. வரும் ஆடியில் மூன்று மாதம் வந்து உங்களோடு இருப்பேன், அதற்கு ரிக்கெற் போடு. நீங்கள் இங்கே வருவதானால் வாருங்கள், பலாலிக்கு நானே காரைக் கொண்டு வருவேன். முன் சீற்றில் நீ இருக்கலாம், ஓடுவது நான். வராவிட்டால் கார் பழுதாகாது, அது தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த அறைதான் என்னை உறுத்துகிறது. உன்னுடைய இரண்டு பிள்ளைகளும் ஒரு அறைக்குள் நெருக்கிக்கொண்டு படுக்கிறார்கள். பெரியவள் வளர்ந்துவிட்டாள், புத்தகம் வைக்க மேசை இல்லை என்று உன் மனுசிகூட ஒருமுறை சொன்னா. பக்கத்தில் ஒரு அறை பூட்டியபடி, நான் வரும்போது பாவிக்க என்று. நீ அன்பாகத்தான் வைத்திருக்கிறாய். அப்பாவும் அன்பாகத்தான் வைத்தார். நீ அச்சொட்டாக அப்பாதான் தம்பி, அதை நினைக்க எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. நான் வந்தால் அவளோடு படுத்துக்கொள்வேன், இரண்டு பேரும் கதைத்துக்கொண்டு படுக்க இடம் காணும்.

இதை வாசித்து முடித்ததும் எழும்பிப் போ. மெத்தையின் பிளாஸ்ரிக்கைக் கிழித்து எறி. பெரியவளைத் தூக்கத்தோடு தூக்கமாகக் கொண்டுபோய் அதில் படுக்க வை.

அம்மா